கடைத் தட்டிலிருந்து லயத்து வீட்டுக்கு

சம்பளம் போட்ட மறு ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக்குப் போவது நம் தோட்டத்துக் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கம். அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் வாங்கிய பிறகு கையில் சில காசுகள் மிஞ்சும். மிஞ்சிய காசோடு புத்தகம் அடுக்கி வைத்திருக்கும் கடையின் முன்னால் சற்று நிற்போம். பிற்காலத்தில் இசைத்தட்டு விற்கும் கடையிலும், அதற்கும் பிறகு படங்களை ஒளிநாடாவாக விற்ற கடையிலும் அப்படியே நின்றோம். எடுத்துப் பார்ப்போம், புரட்டுவோம், விலை கேட்போம், சில வேளை வாங்குவோம், பல வேளை வைத்துவிட்டு வருவோம்.

அந்தத் தட்டில் இருந்த நூல்களும் படங்களும் எங்கிருந்து வந்தன? அவற்றுள் எதை எடுப்பது, எதை விடுவது என்று நம் முன்னோர் எப்படித் தீர்மானித்தார்கள்? அந்தத் தீர்மானத்தால் விளைந்தது என்ன? இந்த மூன்று கேள்விகளுக்கும் இன்றைய உரையில் விடை காண முயல்வோம்.

கப்பலில் வந்த கதைகள்

தமிழில் அச்சான முதல் நூல்களுள் இன்று நமக்குக் கிடைப்பது 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூல். அதில் இருப்பவை 16 பக்கங்களே. ஆனால் அதற்குப் பிறகும் இரண்டரை நூற்றாண்டுக் காலம் அச்சு இயந்திரம் பெரும்பாலும் பாதிரிமார் கையிலும் அரசாங்கத்தார் கையிலுமே இருந்தது. இந்தியர்கள் தடையின்றி அச்சகம் வைத்துக்கொள்ள 1835ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. அதன் பிறகுதான் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் தமிழ் நூல்கள் பெருகின.

சென்னையில் குஜிலிக் கடைத்தெரு என்று ஓர் இடம் இருந்தது. மலிவான காகிதத்தில் அச்சான சிறு நூல்கள் அங்கே குவியல் குவியலாக விற்றன. கதைப் பாட்டு, தெய்வத்தின் மேல் பாடிய பதிகம், ஊரில் நடந்த கொலையைப் பற்றிய சிந்து, வெள்ளம் வந்ததைப் பற்றிய பாட்டு, பஞ்சாங்கம், சோதிடம், கைவைத்தியம் என்று அவற்றில் இல்லாத வகை இல்லை. படித்தவர்கள் அவற்றை ஏளனமாகப் பார்த்தார்கள். ஆனால் பாடுபட்டு உழைத்த மக்கள் முதன்முதலாகத் தம் காசு கொடுத்து வாங்கிய தமிழ் நூல்கள் பெரும்பாலும் அவையே.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி நம்மவர்கள் மலாயாவுக்கு வந்தபோது அத்தகைய நூல்களும் வந்தன. சில நூல்கள் வந்தவர்களின் மூட்டையில் வந்தன. மற்றவை வணிகர்களின் சரக்கோடு பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கின. பினாங்கின் மார்க்கெட் ஸ்திரீட், கோலாலம்பூரின் அம்பாங் ஸ்திரீட், சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை ஆகியவை நம்மவர் கடைகள் நிறைந்த தெருக்கள். பஞ்சாங்கமும் பாட்டுப் புத்தகமும் மளிகைச் சாமானுக்குப் பக்கத்திலேயே விற்றன. ஊதுவத்தி வாங்க வந்தவர் ஒரு மாரியம்மன் தாலாட்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

இந்த மண்ணிலும் தமிழ் அச்சு அப்போதே தொடங்கிவிட்டது. 'முனாஜாத்துத் திரட்டு' என்னும் இஸ்லாமியப் பாடல் நூல் 1872இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. 1887இல் மகுதூம் சாயபு அவர்கள் அங்கே 'சிங்கை நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். ஆகவே, தமிழ் நூல் என்றால் கப்பலில் வருவதுதான் என்று எண்ண வேண்டியதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாக அது இந்த மண்ணிலும் விளைந்து வருகிறது.

ஒருவர் படிக்க, பலர் கேட்க

அக்காலத்தில் தோட்டத்தில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும்? மிகச் சிலருக்கே தெரியும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று சொன்னது. சட்டம் சொன்னாலும் பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் என்பது ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாருமாகவே இருந்தது. பல பிள்ளைகள் இரண்டு மூன்று ஆண்டு படித்துவிட்டுப் பெற்றோரோடு வெட்டுக்காட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆனாலும் நூல்கள் விற்றன. ஏன் விற்றன? ஒரு லயத்தில் ஒருவருக்குப் படிக்கத் தெரிந்தால் போதும். வேலை முடிந்து, குளித்து, சமையலும் சாப்பாடும் ஆன பிறகு, மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி அக்கம் பக்கத்தார் கூடுவார்கள். ஒருவர் இராகம் போட்டுப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். நன்கு கேட்டவர்கள் சில நாளில் மனப்பாடமாகவே சொல்லிவிடுவார்கள்.

'பெரிய எழுத்து' என்று அட்டையில் போட்டு வந்த நூல்களை நம்முள் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை, மதனகாமராஜன் கதை, நல்லதங்காள் கதை ஆகியவை அவ்வாறு வந்தன. சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் என்னும் பதிப்பகத்தார் இவற்றைப் பல காலம் வெளியிட்டார்கள். எழுத்தைப் பெரிதாக்கியது அழகுக்காக அன்று. மங்கலான விளக்கொளியில், எழுத்துக் கூட்டிப் படிப்பவர் தடுமாறாமல் படிக்க வேண்டும் என்பதற்காகவே.

1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அந்தக் கூலியில் ஊருக்கும் பணம் அனுப்பிக் கடனும் அடைத்து, ஒரு நூலும் வாங்குவதென்றால் எவ்வளவு யோசித்திருப்பார்கள்! எனவே அவர்கள் நூலைத் தேர்ந்தெடுத்ததற்குத் தெளிவான காரணங்கள் இருந்தன. உரக்கப் படித்தால் கேட்க நன்றாக இருக்க வேண்டும். ஒரு முறை படித்துத் தூக்கிப்போடுவதாக இல்லாமல் திரும்பத் திரும்பப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் கூட இருந்து கேட்கத் தக்கதாக இருக்க வேண்டும்.

எந்தக் கதை வேண்டும் என்று கேட்டவர்களுள் எழுத்தறியாத தாய்மாரும் உண்டு. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த நல்லதங்காளின் கதை தோட்டத்தில் கண்ணீரோடு கேட்கப்பட்டதில் வியப்பில்லை. தாங்களோ தங்கள் பெற்றோரோ பஞ்சம் பிழைக்கக் கடல் தாண்டி வந்தவர்கள் அல்லவா? அது அவர்களுக்கு ஊர்க் கதை மட்டுமன்று, சொந்தக் கதையும் ஆகும்.

கதைத் தட்டில் கருத்தும் சேர்ந்தது

1924இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தோன்றியது. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1935இல் கோ. சாரங்கபாணி அவர்கள் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். இந்தக் காலத்தில் கடைத் தட்டில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. கதை நூலுக்கும் பக்திப் பாடலுக்கும் பக்கத்தில் சீர்திருத்தச் சிறு நூல்களும் இடம் பிடித்தன. சாதி வேற்றுமை எதற்கு, கள்ளுக்குக் கூலியைக் கொடுப்பது சரியா, பெண் பிள்ளையைப் படிக்க வைத்தால் என்ன குறை என்றெல்லாம் அவை கேட்டன.

இருவகை நூல்களும் ஒரே லயத்தில் படிக்கப்பட்டன. ஒரு வீட்டில் இராமாயணம் நடந்தால் அடுத்த வீட்டில் சுயமரியாதைப் பேச்சு நடந்தது. இரண்டையும் கேட்டுவிட்டுத் தமக்கு எது சரி என்று முடிவு செய்தவர்களும் பலர். இன்னதைத்தான் படிக்க வேண்டும் என்று பிறர் சொல்லக் கேட்டே பழகியவர்களுக்கு, பலவகை நூல்களை எதிரே வைத்துத் தாமே ஒன்றை எடுப்பது ஒரு பெரிய படிப்பினையாக இருந்தது. துரையும் கிராணியும் கங்காணியும் சொன்னபடி நாள் முழுவதும் நடந்தவர்கள், ஒரு நூலை எடுக்கும்போது தம் விருப்பப்படி எடுத்தார்கள்.

திரையும் பாட்டுப் புத்தகமும்

1931இல் 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும் படம் வெளிவந்தது. தொடர்ந்து வந்த படங்கள் கப்பலேறி மலாயாப் பட்டணங்களின் கொட்டகைகளுக்கும் வந்தன. படத்தோடு பாட்டுப் புத்தகமும் வந்தது. சில பக்கங்களே உள்ள அந்தச் சிறு புத்தகத்தில் நடிகர் பெயர்களும், கதைச் சுருக்கமும், பாடல்கள் முழுவதும் இருக்கும். கதை முக்கியமான கட்டத்தில் நின்றுவிடும். முடிவை வெள்ளித்திரையில் காணுமாறு சொல்லிவிடுவார்கள்.

படம் பார்க்கப் பட்டணத்துக்குப் போக இயலாதவர்கள் பாட்டுப் புத்தகத்தை வாங்கினார்கள். பார்த்தவர்கள் நினைவுக்காக வாங்கினார்கள். பிள்ளைகள் அதை வைத்து எழுத்தும் பழகினார்கள். தெரிந்த பாட்டாக இருப்பதால் எழுத்துத் தெரியாவிட்டாலும் அடுத்த சொல் எது என்று ஊகிக்க முடியும். இவ்வாறு படமும் நூலும் ஒன்றுக்கொன்று துணையாயின.

1942இல் ஜப்பானியர் வந்தபோது இந்தியாவோடு இருந்த கப்பல் போக்குவரத்து அறுந்தது. புதிய நூலும் புதிய படமும் வரவில்லை. பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டார்கள். போனவர்களில் பெருந்தொகையானோர் திரும்பவில்லை. அந்தத் துயரம் நூலாக வர நெடுங்காலம் ஆயிற்று. அதைப் பின்னர் காண்போம்.

போருக்குப் பின் 1946இல் மலாயாப் படப்பிரிவு தொடங்கப்பட்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில் தகவல் இலாகாவின் படவண்டிகள் தோட்டம் தோட்டமாக வந்தன. திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டினார்கள். அவை பெரும்பாலும் அரசாங்கம் சொல்ல விரும்பிய செய்திகளே. மக்கள் பாய் விரித்து அமர்ந்து பார்த்தார்கள். ஆனால் சொந்தக் காசு கொடுத்துப் பார்க்கும்போது அவர்கள் தேடியது 'பராசக்தி' போன்ற கதைகளை. 1952இல் வெளிவந்த அந்தப் படத்தின் வசனத்தைத் தோட்டத்து இளைஞர்கள் மேடையில் பேசிக் காட்டினார்கள். இலவசமாக வந்ததையும் பார்த்தார்கள், தாம் விரும்பியதைக் காசு கொடுத்தும் தேடிக்கொண்டார்கள்.

பிறர் படிக்க வாங்கிய நூல்கள்

இங்கே ஒரு நிகழ்ச்சியை நாம் சற்று நின்று நினைக்க வேண்டும். 1950களின் நடுவில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்கும் ஏற்பாடு நடந்தது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் முரசு' வழியாகப் பெரும் இயக்கம் நடத்தினார். பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியையும் திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் நகரத் தொழிலாளரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தார்கள். 1956இல் துறை தோன்றியது. பின்னர் அது கோலாலம்பூருக்கு மாறியது. 1961இல் தனிநாயக அடிகள் அங்கே பேராசிரியராக வந்தார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

பணம் கொடுத்தவர்களுள் பலர் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலையும் மிதித்ததில்லை. அந்த நூல்களைத் தொட்டுப் பார்த்ததும் இல்லை. தாம் படிக்காவிட்டாலும் நாளை யாருடைய பிள்ளையாவது படிக்கட்டும் என்று கொடுத்தார்கள். நம் சமூகம் நூல் வாங்கிய வரலாற்றில் இதைவிடப் பெரிய கொள்முதல் வேறொன்று இல்லை எனலாம்.

நம் கதை ஏன் பின் தட்டில் நின்றது?

இந்த மண்ணில் எழுந்த முதல் தமிழ் நாவல்களுள் ஒன்றாகச் சொல்லப்படுவது வெங்கடரத்தினம் எழுதி 1917இல் வெளிவந்த 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. 1950இல் 'தமிழ் நேசன்' நடத்திய கதை வகுப்பு பல புதிய எழுத்தாளர்களை உருவாக்கிற்று. அவர்களுள் தோட்டப் பள்ளி ஆசிரியர்களும் இருந்தார்கள். அப்படியிருந்தும் கடைத் தட்டில் உள்ளூர் நூல் எப்போதும் சிலவாகவே இருந்தது. காரணம் என்ன?

காரணம் பெரும்பாலும் கணக்குத்தான். ஒரு நூலுக்கு எழுத்துக் கோப்பதற்கும் பிழை திருத்துவதற்கும் ஆகும் செலவு, ஐந்நூறு படி அச்சிட்டாலும் ஐயாயிரம் படி அச்சிட்டாலும் ஏறத்தாழ ஒன்றே. தமிழ்நாட்டில் நிறைய அச்சிடுவார்கள், செலவு பல படிகளுக்குப் பிரிந்துவிடும், விலை குறையும். இங்கே சில நூறு படிதான் அச்சாகும், செலவு முழுவதும் அந்தச் சில படிகளின் தலையில் விழும், விலை கூடும். விலை கூடினால் விற்காது, விற்காவிட்டால் கடைக்காரர் அடுத்த முறை வாங்கி வைக்க மாட்டார். எழுத்தாளர் தம் நூலைத் தாமே பையில் சுமந்து வீடு வீடாக விற்கும் நிலையும் இதனால்தான் வந்தது.

சயாம் ரயில்பாதையில் நம்மவர் பட்ட பாட்டை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலாக எழுதினார். அது வெளிவந்தது 1993இல். பாதை போட்டு முடிந்து ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது. நம் தாத்தாவும் பாட்டியும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் அடக்கி வைத்திருந்ததை அந்நூல் அடுத்த தலைமுறைக்குச் சொன்னது. இத்தகைய நூலை நாம் வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்கள்? வேறு நாட்டார் எழுதிய போர் வரலாறுகளில் வெள்ளைச் சிப்பாய்களின் துன்பம் விரிவாக இருக்கும். நம்மவர் துன்பத்துக்குப் பல நூல்களில் சில வரிகளே கிடைக்கும்.

வீட்டுக்குள் வந்த திரை

1963இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொலைக்காட்சி தொடங்கியது. தமிழ்ப்படம் போடும் நாளில், பெட்டி இருக்கும் வீட்டில் லயமே கூடியது. 1980களில் ஒளிநாடாக் கடைகள் வந்தன. வாங்கவும் முடிந்தது, வாடகைக்கு எடுக்கவும் முடிந்தது. பழைய புராணப் படமும் புதிய சண்டைப் படமும் ஒரே சுவரில் அடுக்கியிருந்தன. இவ்வளவு பெரிய தேர்வு நம் குடும்பங்களுக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

ஆனால் அந்தச் சுவரில் இருந்தவற்றுள் கள்ளத்தனமாகப் படியெடுத்தவையும் பல. விலை குறைவு என்று அவற்றை வாங்கினோம். படம் எடுத்தவருக்கு அந்தக் காசு போய்ச் சேரவில்லை. பெரிய படங்கள் அந்த இழப்பைத் தாங்கின, சிறிய படங்களால் தாங்க முடியவில்லை.

இதே காலத்தில்தான் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்காக விற்கப்பட்டும் போயின. நம் குடும்பங்கள் பல பட்டணத்து ஓரங்களில் குடியேறின. அந்த வாழ்க்கையைச் சொல்லும் படங்கள் பிறகே வந்தன. தீபக் குமரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை' 2005இல் வந்தது. தோட்டத்தில் வளர்ந்து மேற்படிப்புக்கு ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை அது. 2015இல் வெளிவந்த 'ஜகாட்' என்னும் படத்தைச் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கினார். 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான பரிசை அது பெற்றது. தோட்டத்தை விட்டு வந்த மக்களின் வாழ்வைத் தமிழில் சொன்ன படம், நாட்டின் சிறந்த படம் எனப் போற்றப்பட்டது நமக்குப் பெருமை அல்லவா?

நாம் தேர்ந்தெடுக்கும்போது

வாங்குபவரின் கைக்கு வலிமை உண்டு என்பதே இந்த வரலாறு நமக்குச் சொல்லும் செய்தி. நாம் வாங்குவது மறுபடியும் அச்சாகிறது, மறுபடியும் எடுக்கப்படுகிறது. நாம் தொடர்ந்து ஒதுக்குவது மெல்ல மறைகிறது. 94 ஆண்டுகளைக் கடந்து வந்த 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனதை நாம் கண்டோம்.

ஆகவே அடுத்த முறை நூலோ படமோ வாங்கும்போது சிலவற்றை மனத்தில் கொள்வோம். மகிழ்ச்சிக்கு ஒன்று, அறிவுக்கு ஒன்று, நம் மண்ணின் கதை ஒன்று என்று வகைப்படுத்திக்கொள்வது நல்லது. மூன்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒன்றாக வாங்கினாலும் பத்தாண்டில் வீட்டில் ஒரு சிறு நூலகம் உண்டாகிவிடும். பிள்ளைக்கு நூல் வாங்கும்போது அட்டையை மட்டும் பார்க்காமல் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து உரக்கப் படித்துப் பார்ப்போம். பிள்ளையின் காது அதை ஏற்றுக்கொள்கிறதா என்று கவனிப்போம். படமானால் எடுத்தவருக்குக் காசு போய்ச் சேரும் வழியில் வாங்குவோம். எடுத்துப் பார்த்து வைத்துவிடும் பிள்ளையைக் கடைக்காரரும் பெற்றோரும் கடிந்துகொள்ள வேண்டாம். பலவற்றைப் புரட்டிப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அறிவு வளரும்.

வாங்க வசதி இல்லையா? இரவல் வாங்கிப் படிப்போம், பொது நூலகத்தில் கேட்போம். தமிழ் நூல் வேண்டும் என்று கேட்பவர் இருந்தால்தான் நூலகத்தாரும் தமிழ் நூலை வாங்குவார்கள். இன்று வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது. ஆளுக்கொரு மூலையில் அமர்ந்து பார்க்கிறோம். வாரத்தில் ஒரு மாலையாவது ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கும் பழைய வழக்கத்தை மீட்டுக்கொண்டால் செலவு ஒன்றும் இல்லை. ஒரே நூல் வீட்டில் உள்ள அனைவருக்கும் பயன்படும்.

50 காசுக் கூலியில் யோசித்து யோசித்து நூல் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்களைப் போலவே யோசித்து வாங்குவோம்; வாங்கியதைப் பகிர்ந்து படிப்போம்.